படைமுகாமும் பாடசாலை வாயிலும்: அமெரிக்கத் தென் மாநிலங்களிற் போர்வீரர் பிள்ளைகளின் கல்வி, 1948 - 1967

இடமாற்ற ஆணை கிடைக்கப்பெற்ற போர்வீரன் அதனை ஏற்பதா விடுவதா என்று சிந்திப்பதற்கு இடமில்லை. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மனைவி மக்களுடன் அவன் புறப்பட்டுவிடுகின்றான். சென்றடைந்த இடத்தில் உறைவிடம், உணவு, மருத்துவம், சம்பளம் ஆகிய யாவும் படையின் விதிகளின்படி அமைந்துவிடுகின்றன. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும் கருமம் மாத்திரம் அவ்விதிகளுக்கு அப்பாற்பட்டதாய் எஞ்சுகின்றது. முன்னைய பாடசாலையின் தேர்ச்சி அறிக்கையுடன் ஊர்ப் பாடசாலையின் வாயிலில் அவன் நிற்கும்பொழுது, அவன் தரித்திருக்கும் சீருடைக்கு அங்கு அதிகாரம் எதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட கறுப்பின வீரரைப் பொறுத்தவரை இது வெறும் நிருவாகச் சிக்கலாக இருக்கவில்லை. வெள்ளையனோடு ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒரே அணியில் நின்ற தந்தையின் பிள்ளை, முகாமின் வாயிலைத் தாண்டியதும் வேறொரு பாடசாலைக்கு அனுப்பப்பட்டது.

அமெரிக்கப் பாடசாலைகளில் நிலவிய இனவொதுக்கலின் வரலாறு, 1954ஆம் ஆண்டின் பிரவுண் தீர்ப்பினையும் 1957இல் லிற்றில் றொக் நகரில் நிகழ்ந்தவற்றையும் மையமாகக் கொண்டே பெரும்பாலும் கூறப்படுகின்றது. போர்வீரரின் பிள்ளைகள் அவ்வரலாற்றில் ஓர் ஓரத்திலேயே நிற்கின்றனர். ஆயின், தந்தைக்கு ஆணையிடும் அரசும் பாடசாலைக்குப் பணம் வழங்கும் அரசும் ஒன்றாகவே இருக்க, அப்பாடசாலையை நோக்கி "இப்பிள்ளையையும் சேர்த்துக்கொள்க" என்று சொல்லும் அதிகாரம் மட்டும் தனக்கு இல்லையென அவ்வரசு நெடுங்காலம் கூறிவந்தது. இம்முரண்பாடு வேறெங்கணும் இத்துணைத் தெளிவாகப் புலப்படவில்லை.

மையக் கல்வியமைச்சின் சுற்றுநிருபங்களாற் பாடசாலைகள் ஆளப்படுவதற்குப் பழகிய நம்மவர்க்கு அமெரிக்க ஒழுங்கு சற்றுப் புதுமையாகத் தோன்றக்கூடும். அங்கு பாடசாலைகள் மாநிலச் சட்டங்களின்கீழ் அவ்வவ்வூர்ப் பாடசாலைச் சபைகளினால் நடத்தப்படுகின்றன. அச்சபைகளின் வருவாயிற் பெரும்பங்கு, நமது நகரசபைகள் அறவிடும் சோலைவரியை ஒத்த ஆதனவரியாகும். சமஷ்டி அரசின் நிலத்துக்கு அவ்வரியை விதித்தல் இயலாது. எனவே ஓரூரிற் பெரும் படைமுகாம் ஒன்று எழுமாயின், வரி செலுத்தும் நிலம் குறைகின்றது. கற்க வரும் பிள்ளைகளோ பெருகுகின்றனர். இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் படைத்தளங்கள் தென் மாநிலங்களிலே செறிந்தன. ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு உகந்த காலநிலையும் மலிவான நிலமும் அதற்குக் காரணங்களாயின. காங்கிரசின் படைத்துறைக் குழுக்களிலே தென் மாநிலத்து மூத்த உறுப்பினர்கள் பெற்றிருந்த செல்வாக்கும் சிறிய காரணமன்று.

இச்சுமையை ஈடுசெய்யும் பொருட்டு 1950ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. 815ஆம் இலக்கச் சட்டம் பாடசாலைக் கட்டடங்களுக்கும், 874ஆம் இலக்கச் சட்டம் அன்றாடச் செலவுக்கும் சமஷ்டி நிதியை வழங்கின. பெற்றோர் சமஷ்டி நிலத்தில் வாழ்ந்து அங்கேயே தொழிலும் புரிந்தால் அப்பிள்ளைக்கு முழுத்தொகையும், வாழ்தல் அல்லது தொழில்புரிதல் ஆகிய இரண்டில் ஒன்று மாத்திரம் பொருந்தினால் அதிற் பாதியும் கணக்கிடப்பட்டன. கணக்கேட்டிலே கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பெறுமதி உடையனவாகவே இருந்தன. இச்சட்டங்களில் அமைந்த இரு தொடர்கள் பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் அச்சாணியாயின. முதலாவது, பணம் பெறும் சபை சமஷ்டிப் பிள்ளைகளை ஏனைய பிள்ளைகளோடு ஒத்த நிபந்தனைகளின்பேரில், மாநிலச் சட்டங்களுக்கு இணங்கச் சேர்த்துக்கொள்வதாக அளிக்கவேண்டிய உறுதிமொழி. மற்றையது, முகாமில் வாழும் பிள்ளைகளுக்குத் "தகுந்த" இலவசக் கல்வியை ஊர்ச்சபை அளிக்க இயலாதவிடத்துச் சமஷ்டி ஆணையாளரே அதற்கு ஒழுங்கு செய்யலாம் என்னும் விதி. மாநிலச் சட்டமே இனவொதுக்கலை விதித்த காலத்தில் முதலாவது தொடர் எவரையும் உறுத்தவில்லை. "தகுந்த" என்னும் சொல்லும் அன்று எவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை.

படையினுள்ளே நிலைமை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1948 யூலை 26ஆம் நாள் சனாதிபதி ட்ரூமன் 9981ஆம் இலக்க நிருவாக ஆணையைப் பிறப்பித்துப் படைகளிற் சமத்துவ நடாத்துகையை விதித்தார். கொரியப் போர் அவ்வாணையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 1954ஆம் ஆண்டின் இறுதியளவிற் கறுப்பினத்தவர்க்கெனத் தனித்த படைப்பிரிவு எதுவும் எஞ்சவில்லை. முகாமுக்கு உள்ளேயே அமைந்திருந்த ஆரம்பப் பாடசாலைகளோ பல இடங்களில் ஊர்ச்சபைகளாலேயே நடத்தப்பட்டமையால், மாநிலச் சட்டப்படி வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியனவாய் இருந்தன. 1951ஆம் ஆண்டில், சமஷ்டி நிலத்துப் பாடசாலைகளும் மாநிலங்களின் இனவொதுக்கற் சட்டத்துக்கு அமையவேண்டுமென்னும் ஏற்பாட்டைக் கொண்ட சட்டமூலம் ஒன்று காங்கிரசில் நிறைவேறியது. ட்ரூமன் அதற்கு ஒப்பம் இட மறுத்தார். அதனை ஏற்றல் பின்னோக்கி அடிவைப்பதாகும் என்பது அவர் கருத்து.

அவருக்குப் பின்வந்த ஐசனோவர் இனப்பிரச்சினையில் ஊக்கம் மிக்கவரெனக் கொள்ளப்படுபவர் அல்லர். எனினும் 1953 மார்ச்சிற் பத்திரிகையாளர் கூட்டமொன்றில் முகாம்ப் பாடசாலைகள் பற்றி வினவப்பட்டபோது, சமஷ்டிப் பணம் செலவாகுமிடத்துப் பாரபட்சம் காட்டுவதற்குச் சட்ட நியாயமோ அற நியாயமோ இல்லையென அவர் வெளிப்படையாகக் கூறினார். அதன் விளைவாக, 1954 ஜனவரி 12ஆம் நாள் பாதுகாப்புச் செயலாளர் சாள்ஸ் வில்சன், படைநிலத்துப் பாடசாலைகள் யாவும் 1955 செப்ரெம்பருக்கு முன்னர் ஒருங்கிணைக்கப்படவேண்டுமெனப் பணித்தார். பிரவுண் தீர்ப்பு வெளிவந்தது அவ்வாண்டு மே 17ஆம் நாள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நீதிமன்றத்துக்கு நான்கு மாதங்கள் முந்திப் பாதுகாப்புத் திணைக்களம் இப்பணியை ஏற்றுக்கொண்டது. ஊர்ச்சபைகள் இணங்காத சில இடங்களிற் சமஷ்டி அரசே பாடசாலையைப் பொறுப்பேற்றது.

எனினும் வில்சனின் ஆணை முகாமின் வேலியோடு நின்றுவிட்டது. முகாம்களில் இருந்தவை பெரும்பாலும் ஆரம்பப் பாடசாலைகளே. ஆறாம் வகுப்புவரை ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற இரு சிறுவர், ஏழாம் வகுப்புக்குச் செல்லும் காலையில் வெவ்வேறு பேருந்துகளில் ஏறினர். ஒன்று வெள்ளையரின் உயர்தரப் பாடசாலைக்கும் மற்றையது கறுப்பரின் பாடசாலைக்கும் சென்றது. முகாமில் வீடு கிடையாது ஊரில் வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கு அந்த ஆறு ஆண்டுகளும் வாய்க்கவில்லை. வடமாநிலத்திலோ ஜேர்மனியிலுள்ள அமெரிக்கப் படைப் பாடசாலையிலோ ஒருங்கே கற்றுவந்த பிள்ளைக்கு, தென்னகத்து ஊரில் இறங்கிய முதல் நாளிலே தன் நிறத்தின் பொருளை ஒருவர் விளக்கவேண்டியதாயிற்று. அவ்விளக்கம் தந்தையின் தலையிலோ தாயின் தலையிலோ விழுந்தது. மனைவி மக்களைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுத் தனியே வருவதே வீரனுக்கு எஞ்சிய மாற்றுவழி.

இந்நிலையில் வேர்ஜீனியாவின் நோர்போக் நகரிலே சற்றும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அட்லாந்திக் கடற்படையின் தலைமைத் தளம் அமைந்த நகரம் அது. அதன் பாடசாலைகளிற் கடற்படையினரின் பிள்ளைகள் பெருந்தொகையினர். 1958ஆம் ஆண்டில், வெள்ளையர் பாடசாலைகளிற் சேர விண்ணப்பித்த 151 கறுப்பு மாணவருள் 17 பேருக்கு அனுமதி வழங்க நேர்ந்தது. ஒருங்கிணைக்கப்படும் பாடசாலை எதுவாயினும் அதனை மூடிவிடவேண்டுமென்று மாநிலச் சட்டம் ஒன்று கூறியது. ஆளுநர் லின்ட்சே ஆமண்ட் அச்சட்டத்தைப் பயன்படுத்தி, செப்ரெம்பர் இறுதியில் நகரின் ஆறு பாடசாலைகளை மூடினார். ஏறத்தாழப் 10,000 மாணவர்கள் வெளியே விடப்பட்டனர். மூடப்பட்டவை வெள்ளையர் பாடசாலைகள் ஆகையால் வெளியே நின்றோரும் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளே. கறுப்பரின் உயர்தரப் பாடசாலை வழமைபோல இயங்கியது. தேவாலயங்களிலும் வீடுகளிலும் ஆசிரியர்கள் சிறு குழுக்களாக வகுப்பு நடத்தினர். சிலர் பிள்ளைகளை வேற்றூர் உறவினரிடம் அனுப்பினர். வேர்ஜீனியாவின் அரசியலிற் பற்றோ பகையோ இல்லாத கடற்படைக் குடும்பங்களும் இவ்வலையிற் சிக்கின. தந்தை நாட்டின் பொருட்டுக் கடலிலே இருக்க, பிள்ளை தெருவிலே நின்றது.

1959 ஜனவரி 19ஆம் நாள் மாநில உயர் நீதிமன்றமும் சமஷ்டி நீதிமன்றமும் தனித்தனியே இம்மூடுதலைச் செல்லாதெனத் தீர்த்தன. அடுத்த வாரத்திலே நகரின் வணிகப் பெரியோர் நூற்றுவர் பாடசாலைகளைத் திறக்குமாறு பத்திரிகையில் விளம்பரமிட்டனர். கடற்படை அகன்றுவிட்டால் நகரின் கதி யாதாகும் என்னும் அச்சமும் அவர்களை உந்தியிருக்கும் என்று கருதுவது பிழையாகாது. பெப்ரவரி 2ஆம் நாள் பாடசாலைகள் திறக்கப்பட்டன. கறுப்பு மாணவர் 17 பேரும் உள்ளே சென்றனர்.

நோர்போக்கின் எதிரொலி 1960ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திலே கேட்கின்றது. அச்சட்டத்தின் ஐந்தாம் பகுதி படையினரின் பிள்ளைகளுக்கெனவே இயற்றப்பட்டது. மாநில அல்லது உள்ளூர் அதிகாரிகளின் நடவடிக்கையாற் பாடசாலை கிடையாது போகுமிடத்து, முகாமுக்கு வெளியே வாழும் படைவீரர் பிள்ளைகளுக்கும் சமஷ்டி அரசே கல்விக்கு ஒழுங்கு செய்யலாமென அது விதித்தது. இவ்வேற்பாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். பாடசாலை மூடப்பட்டாற் பிள்ளைக்குப் பரிகாரம் உண்டு. திறந்திருந்து நிறம் நோக்கி வெளியே தள்ளினாற் பரிகாரம் இல்லை. அதாவது வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு குளிர்காலம் நேர்ந்த துன்பம் காங்கிரசை அசைத்தது. கறுப்புப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் நேர்ந்தது அசைக்கவில்லை.

1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலையிற் கிடந்த "தகுந்த" என்னும் சொல்லுக்கு 1962இல் உயிர் வந்தது. சுகாதார, கல்வி, சமூகநலச் செயலாளர் ஏப்ரகாம் ரிபிக்கோவ், இனவொதுக்கல் நிலவும் பாடசாலை முகாமில் வாழும் பிள்ளைக்குத் தகுந்த பாடசாலை ஆகாதென்றும், 1963 செப்ரெம்பர் முதல் அவ்வாறே கொள்ளப்படுமென்றும் அவ்வாண்டு மார்ச் 30ஆம் நாள் அறிவித்தார். புதிய சட்டம் எதுவும் வேண்டப்படவில்லை. பன்னிரண்டாண்டு பழைய சொல்லுக்குப் புதிய பொருள் கொள்ளப்பட்டது, அவ்வளவே. இவ்வறிவிப்பின்மேற் சில சபைகள் முகாம்ப் பிள்ளைகளை நிறம் பாராது ஏற்க இசைந்தன. இசையாத அலபாமா, ஜோர்ஜியா, தென் கரோலைனா மாநிலங்களின் தளங்கள் சிலவற்றில் அரசு தன் நிலத்திலேயே பாடசாலை அமைத்தது. அலபாமாவின் மொன்கொமறி நகரையடுத்த மக்ஸ்வெல் விமானத் தளம் அவற்றுள் ஒன்று. இது தீர்வுதான். எனினும் ஊரோடு பொருதாமல் வேலிக்குள் ஒதுங்கிக்கொள்ளும் தீர்வு. வாடகை வீட்டிலிருந்த வீரனின் பிள்ளை இன்னமும் ஊரின் கையிலேயே இருந்தது.

நீதித் திணைக்களம் வேறொரு வழியை நாடியது. பணம் பெற்றபோது சபைகள் அளித்த உறுதிமொழியை அது கையிலெடுத்தது. மாநிலங்களின் இனவொதுக்கற் சட்டங்கள் 1954உடன் செல்லாதனவாகிவிட்டமையால், "ஒத்த நிபந்தனைகள்" என்னும் தொடர் இப்பொழுது தன் நேர்ப்பொருளையே தரும் என்பது அதன் வாதம். 1962 செப்ரெம்பரில் வேர்ஜீனியாவின் லீ கோட்டையை அடுத்த பிரின்ஸ் ஜோர்ஜ் மாவட்டச் சபைக்கு எதிராக முதல் வழக்கு இடப்பட்டது. அடுத்த ஆண்டு அரசு வென்றது. 1963 ஜனவரியில் அலபாமா, மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களின் தளநகர்ச் சபைகளுக்கு எதிராக இடப்பட்ட வழக்குகள் அவ்வாறு அமையவில்லை. பணத்தோடு இவ்வாறான நிபந்தனையைக் காங்கிரசு பிணைக்கவில்லை என்றும், இத்தகைய வழக்கைத் தொடுக்கும் உரிமை சமஷ்டி அரசுக்கு இல்லையென்றும் தெற்கின் ஐந்தாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்று 1964இல் தீர்த்தது. ஒரே சட்டம், ஒரே உறுதிமொழி. ஆயின் வேர்ஜீனியாவில் ஒரு பொருள், அலபாமாவில் வேறு பொருள்.

இதற்கிடையில் 1962 யூனிலே கென்னடி நியமித்த கெசல் குழு, படைமுகாம்களின் சுற்றுப்புறங்களில் நிலவிய பாரபட்சத்தை ஆராய்ந்து 1963 யூனில் அறிக்கையிட்டது. வேலிக்கு வெளியே நிகழ்வது தமது பொறுப்பன்று என்று தளபதிகள் கொண்டிருந்த மனப்பான்மையை அவ்வறிக்கை வன்மையாகக் கண்டித்தது. பாதுகாப்புச் செயலாளர் மக்நமாரா அதனை ஏற்று, ட்ரூமனின் ஆணைக்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகளின் பின் 1963 யூலை 26ஆம் நாள் விடுத்த பணிப்புரையில், முகாமுக்குப் புறம்பேயும் வீரரையும் அவர்தம் குடும்பத்தினரையும் பாதிக்கும் பாரபட்சத்தை எதிர்த்தல் தளபதியின் கடமையென வகுத்தார். பிரதிநிதிகள் சபையின் படைத்துறைக் குழுத் தலைவரான ஜோர்ஜியாவின் கார்ல் வின்சன் உள்ளிட்டோர் வெகுண்டெழுந்தனர். பாரபட்சம் காட்டும் கடையையோ உணவகத்தையோ வீரர்க்கு விலக்கப்பட்ட இடமாக்கும் வழி தளபதிக்கு இருந்தது. பாடசாலையை விலக்கப்பட்ட இடமாக்குவது எங்ஙனம்? பிள்ளைகளை அங்கு அனுப்ப வேண்டுமென்பதன்றோ கோரிக்கை?

அலபாமாவின் ஹண்ட்ஸ்வில் நகரம் இக்காலத்தின் தனிப்போக்குக்கு ஒரு சான்று. றெட்ஸ்ரோன் படைத்தளமும், 1960 முதல் விண்வெளி ஆய்வு நிலையமும் அந்நகரின் வாழ்வுக்கு ஆதாரமாயின. 1963 செப்ரெம்பரின் தொடக்கத்திற் சொனி ஹெரிபோட் என்னும் ஆறு வயதுச் சிறுவன், மருத்துவரான தன் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஐந்தாம் நிழற்சாலைப் பாடசாலைக்குச் சென்றபோது, ஆளுநர் வலஸ் ஏவிய மாநிலக் காவலர் வழிமறித்துத் திருப்பிவிட்டனர். செப்ரெம்பர் 9ஆம் நாள் அவன் மீண்டும் சென்று சேர்ந்துகொண்டான். அலபாமாவின் அரசாங்கப் பாடசாலைகளில் இவ்வாறு சேர்ந்த முதற் கறுப்புப் பிள்ளை அவனே. அதே நாளிற் பேர்மிங்ஹாம், மொபில், ரஸ்கீகி ஆகிய ஊர்களிற் காவலர் தடுத்து நின்றனர். ஹண்ட்ஸ்வில்லில் மாத்திரம் வழிவிட்டனர். அச்சிறுவனின் குடும்பம் படைக்குடும்பமன்று. ஆயினும் சமஷ்டிப் பணத்தில் வளர்ந்த நகரம், தன் பாடசாலை வாயிலிற் கலவரம் நிகழ்வதை விரும்பவில்லை.

அரசு தோற்ற இடத்தில் வென்றவர்கள் பெற்றோரே. லூசியானாவின் பொசியர் பாரிஷில் (மாவட்டத்துக்கு அம்மாநிலத்தில் வழங்கும் பெயர் பாரிஷ்) பாக்ஸ்டேல் விமானத் தளம் உளது. அங்கு பணிபுரிந்த கறுப்பின விமானப்படையினர் சிலர் 1964ஆம் ஆண்டின் இறுதியிலே தம் பிள்ளைகளின் சார்பில் ஊர்ச்சபைமீது வழக்கிட்டனர். லெமன் வழக்கென அறியப்படுவது இது. இடமாற்றத்தில் வந்தவர்கள், நாளை வேறிடம் செல்பவர்கள், ஊரில் நிலமும் வாக்கும் அற்றவர்கள் நெடுங்கால ஒழுங்கொன்றை எதிர்த்து நின்றமை சிறிய துணிவன்று. சபையின் மறுமொழியோ கூர்மையானது. தளத்தில் வாழ்வோர் சமஷ்டி நிலத்தில் வாழ்பவர். ஆகவே அவர் பாரிஷின் வதிவாளர் அல்லர். வதிவாளர் அல்லாதாரின் பிள்ளைகளுக்கு அப்பாடசாலைகளில் அரசியலமைப்பு உரிமை எதுவும் இல்லை. சேர்த்துக்கொண்டது தயவின்பாற்பட்டது என்று சபை வாதிட்டது. அப்பிள்ளைகளைத் தலைக்கணக்கிட்டுப் பெற்ற பணத்தைப் பற்றி இவ்வாதத்தில் இடமில்லை.

மாவட்ட நீதிமன்று 1965இல் இதனை நிராகரித்தது. பணம் பெறுகையிற் சபை அளித்த உறுதிமொழியின் பயன் இப்பிள்ளைகளுக்கே உரியது. எனவே அதனை வலியுறுத்தும் உரிமையும் அவர்களுக்குண்டு என்று நீதிமன்று கண்டது. 1967 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்று அத்தீர்ப்பை உறுதிசெய்ததுடன், சமஷ்டி நிதி பெறும் திட்டங்களிற் பாரபட்சத்தைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியும் அப்பிள்ளைகளுக்கு உரிமை தருவதாகக் கூறியது. அரசு வழக்கிட்டபோது அரசுக்கு உரிமையில்லையென்ற அதே நீதிமன்று, மூன்றாண்டுகளின் பின் பிள்ளைகள் வழக்கிட்டபோது அவர்களுக்கு உண்டென்றது. இடையில் வந்த சட்டம் இம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணமாயினும், கேட்டவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கதே.

லெமன் வழக்கு தளத்துப் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. பாரிஷின் பாடசாலைகள் அனைத்தினதும் ஒருங்கிணைப்பு அவ்வழக்கின்கீழேயே தொடர்ந்து நடைபெற்றது. 1971இலும், பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு மாணவரைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பச் சபை முயன்றபோது, அதே வழக்கின் பெயரிலே மேன்முறையீட்டு நீதிமன்று அதனைத் தடுத்தது. வழக்கிட்ட வீரர்கள் படைக்கே உரிய வழக்கப்படி வேறிடங்களுக்குச் சென்றிருத்தல் கூடும். அவர்கள் பெயரால் நின்ற கட்டளையின்கீழ், அவ்வூரிலேயே பிறந்து அவ்வூரிலேயே வாழ்ந்த கறுப்புப் பிள்ளைகள் பாடசாலை வாயிலைக் கடந்தனர்.

1970களின் பின்னர் படைக்குடும்பங்களின் பாடசாலைச் சிக்கல் வேறு வடிவெடுத்தது. தேர்ச்சிப் பதிவேடுகள் வந்துசேரத் தாமதமாதல், தடுப்பூசிச் சான்றிதழ், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் பட்டமளிப்பு விதிகள் ஆகியன முதன்மை பெற்றன. இவற்றைச் சீர்செய்யும் பொருட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களிடை உடன்படிக்கையில் 2014அளவில் ஐம்பது மாநிலங்களும் இணைந்தன. முகாமுக்குள்ளே பாதுகாப்புத் திணைக்களம் தானே நடத்தும் பாடசாலைகளும் அந்நாட்டில் இன்றுமுள. ஐம்பது மாநிலங்களிலும் படைத்தளங்கள் பரந்து கிடக்க, அப்பாடசாலைகள் மட்டும் பெரும்பாலும் அலபாமா, ஜோர்ஜியா, கரோலைனாக்கள், வேர்ஜீனியா, கென்ரக்கி ஆகிய தெற்குப் புறத்து மாநிலங்களிலேயே செறிந்து காணப்படுகின்றன.